எழுபத்தெட்டு

அம்மா இறந்து இருபது நாள் ஆகிறது. அவள் என் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள். பதினோராம் வகுப்பில் சேர்பவர்கள் எந்த மொழியை எந்த நிலையில் எடுக்கிறார்கள் என்ற படிவங்களைக் கணினியில் ஏற்றுவாள். ஏற்றும் முன் ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்பாள். பிள்ளைகள் வைத்த பெயர் 'ஏன் மேடம்'.

தமிழில் பொதுநிலை, உயர்நிலை என இரண்டு. எங்கள் பல்கலைக்கழகம் மொழி மதிப்பெண்ணையும் சேர்த்தே இடம் கொடுக்கும். பொதுநிலையில் தொண்ணூறு வாங்குவது சுலபம். பொறியியலுக்குப் போக நினைத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுத்தார்கள். பதினோராம் வகுப்பில் சேர்ந்தபோது நானும்தான்.

அம்மாவுக்கு உறுத்தியது. பழைய சேர்க்கைப் பட்டியல்களில், பொதுநிலையில் 92 எடுத்தவனுக்குக் கிடைக்காத பொறியியல் இடம் உயர்நிலையில் 83 எடுத்தவளுக்குக் கிடைத்திருந்தது. மற்ற பாடங்களில் இருவரும் ஏறக்குறையச் சமம். விடுப்பு எடுத்து, என்னையும் இழுத்துக்கொண்டு பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கே போனாள்.

"உயர்நிலையில எண்பது எடுத்தா பதினஞ்சு புள்ளி கூட்டுவோம்மா. கையேட்டுல இருக்கு, யாரும் படிக்கிறதில்ல," என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர்.

"எழுபத்தொன்பது எடுத்தா?"

"ஒண்ணும் கிடையாது."

"ஏன் எண்பது?"

அவர் தலையைச் சொறிந்தார். "இத்தனை வருஷத்துல இதை யாரும் கேட்டதில்லம்மா."

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "மாத்தணும்னா நாளைக்குத்தான் கடைசி நாள்."

"நீ என்னம்மா சொல்ற?"

"எனக்குத் தெரிஞ்சா இவ்வளவு தூரம் எதுக்குடி வரேன்? படிக்கப் போறது நீ."

மாற்றினேன். இரண்டு வருடம் கழித்து வந்த மதிப்பெண் 78. பொறியியல் இடம் கிடைக்கவில்லை. பொதுநிலையிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும், கூட்டிப் பார்த்தேன்.

அந்த வாரம் பள்ளி அறிவிப்புப் பலகையில் அம்மா ஓர் அட்டவணை ஒட்டினாள்: நிலை, மதிப்பெண், கூடுதல் புள்ளி, கிடைத்த இடம். பெயர்கள் இல்லை. கடைசி வரி நான்.

"மானத்த வாங்கறியேம்மா. கிழிச்சுப் போடு."

"உயர்நிலைல மத்த வரியெல்லாம் ஜெயிச்சவங்களோடது. அதை மட்டும் பாத்துட்டு அடுத்தவ ஏமாறக்கூடாது. உன் வரி இல்லன்னா அது பொய்டி."

பத்து நாள் அவளோடு பேசவில்லை. பதினோராம் நாள் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக் விண்ணப்பப் படிவத்தை வைத்தாள். மறுபடியும் அந்த ஜன்னலுக்குப் போயிருக்கிறாள். பாலிடெக்னிக்கில் நல்ல மதிப்பெண் எடுத்தால் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாமாம்.

"இதுக்குத் தமிழ் மார்க் கேக்க மாட்டாங்களாம். ரெண்டு தடவ கேட்டுட்டேன்," என்றாள்.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து படிவத்தை நிரப்பினேன்.