கமலவல்லி இடுப்பில் முடிந்த நெல்

எங்கள் பூதலூர்ப் பக்கத்தில் கமலவல்லி அக்காளிடம் நல்ல பேர் வாங்கியவர் யாரும் இல்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், உரக்கடைக்காரர் மூட்டையைப் பிரித்துத் தைக்கிறார், வானிலை அறிக்கை வாசிப்பவர்கூட யாருக்கோ வேண்டியவர். புருஷன் போன பிறகு இருபது வருஷமாக மூன்று ஏக்கரைத் தனியாளாகப் பார்ப்பவள். ஏமாற்ற வந்தவர்களையே பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டாள் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வேன். ரேஷன் அரிசியில் புழுக்க வாடை அடித்துவிட்டால் போதும், முறத்தோடு தெருவுக்கு வந்து, ஈர நெல்லைக் கொண்டுபோய்ப் போட்ட பாவி எவன் என்று கேட்பாள். பதில் சொல்ல ஒருவரும் வெளியே வரமாட்டோம்.

இந்த ஐப்பசியில் குறுவை அறுவடையும் மழையும் கைகோத்துக்கொண்டு வந்தன. கொள்முதல் நிலையத்தில் அவள் நெல்லும் என் நெல்லும் பக்கத்துப் பக்கத்துக் குவியல். பட்டியல் எழுத்தர் தியாகராசன் ஈரம் பார்க்கும் மீட்டரில் போட்டுப் பார்த்தார். அவளுடையது இருபத்தொன்று, என்னுடையது இருபது. ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால் எடுக்கக் கூடாதாம். காயவைத்துக் கொண்டு வாருங்கள் என்றார். எந்த வெயிலில் காயவைப்பது? படுதாவைப் போட்டு மூடினோம். அக்காள் மட்டும் மீட்டரை முறைத்துவிட்டு, குவியலில் ஒரு பிடி அள்ளித் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சாட்சியாம். நான்கு நாள் அது அங்கேயே இருந்தது. படுக்கும்போதுகூட எடுக்கவில்லை.

நான்காம் நாள் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிபுணர்கள் கூட்டம். மாறும் பருவநிலை, உயிரி எரிபொருள், நாளைய உணவு என்று பேனர் கட்டியிருந்தார்கள். மழை மாதம் தப்பிப் பெய்கிறது என்றார் ஒருவர். அதை எங்களுக்குச் சொல்ல ஏசி காரில் வந்திருந்தார். மழையில் கெட்ட நெல்லிலிருந்து எத்தனால் எடுத்துப் பெட்ரோலில் கலக்கலாம், விவசாயிக்கும் நஷ்டம் குறையும் என்றார் இன்னொருவர். ஷோபனா என்ற விஞ்ஞானி மட்டும் எழுந்து, வண்டிக்கு நெல் வேண்டும் என்று ஆகிவிட்டால் நல்ல நெல்லையும் கெட்டது என்று ஒதுக்கமாட்டார்களா, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

அக்காள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் பக்கம் குனிந்து, இருபத்தொன்று எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நெல்லைக் கெட்டது என்று தள்ளுவது, பிறகு அடிமாட்டு விலைக்கு ஆலைக்கு அள்ளிக்கொண்டு போவது. இதைக் கண்டுபிடிக்க நிபுணரா வேண்டும்?

அவள் நேராக மேடைக்குப் போய் முடிச்சை அவிழ்த்தாள். ஷோபனா தன் மேசையிலிருந்த மீட்டரில் போட்டார். பதினாறு. மண்டபமே கைதட்டியது, நான் விசிலே அடித்தேன். முன்வரிசையில் இருந்த கொள்முதல் அதிகாரி முகம் சிவந்து, அங்கிருந்தே தியாகராசனுக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலையில் தியாகராசன் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள், அளக்கவே வேண்டாம், இரண்டு பேர் நெல்லையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வேறு யாராக இருந்தாலும் சாக்கை விரித்திருப்பார்கள்.

"ஏன் தம்பி அளக்க மாட்டேங்குற?" என்றாள் அக்காள். இதில் என்ன சூது என்று பார்க்கப் படுதாவை விலக்கி, குவியலின் நடுவில் முழங்கை வரை கையை விட்டாள். விட்ட கையை எடுக்காமல் நின்றாள். நானும் தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஈரத்தில் புழுங்கிக் கொதித்தது. நாலு மணியை எடுத்துப் பல்லில் கடித்தாள். காய்ந்த நெல் டக்கென்று உடையும். இதில் சத்தமே இல்லை. அவள் கை மெதுவாக இடுப்புக்குப் போனது.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நான்கு நாள் உடம்புச் சூட்டில் அந்த ஒரு பிடி மட்டும் காய்ந்திருக்கிறது. நெல்லிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்றாதா? சந்தேகம் முன்னால் போனால் அறிவு பின்னால்தான் வரும்.

"ஒண்ணும் பேசாதீங்கக்கா, மூட்டை ஏறட்டும்" என்றேன் காதோடு.

அவள் கேட்கவில்லை. "நடுவுலேர்ந்து எடுத்து அள தம்பி. மெஷின் மேல தப்பு இல்ல" என்றாள்.

மறுபடியும் இருபத்தொன்று. கையோடு என் குவியலையும் அளந்தார்கள், இருபது. இரண்டும் நின்றுபோயின. ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் உனக்குப் பொறுக்காதா, உன் நியாயத்துக்கு என் நெல்லா கிடைத்தது என்று கத்தினேன். முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"இது அரிசியாகி நம்ம ரேஷன் கடைக்குத்தான் வரும். எவன் போட்டான், எவன் போட்டான்னு இத்தனை வருஷமாத் தெருவுல நின்னு கேட்டேன். இனிமே யாரப் பாத்துக் கேக்குறது?"

பத்து மணிக்கு லேசாக வெயில் எட்டிப் பார்த்தது. அவள் நெல்லைத் தார்ச்சாலையில் இழுத்து விரித்தாள். ஒரு மழை வந்தால் முளைத்துவிடும். பிறகு அந்த எத்தனால்காரர்தான் கதி. அது அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நானும் படுதாவை உருவி நெல்லை விரித்தேன்.

சாயங்காலம் அக்காள் என் பக்கம் வந்தாள். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து என் நெல்லில் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு நாள்" என்றாள்.