கயல் செத்துப்போகும் ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிறு ஆட்டம் முடிந்து வந்து கராஜ் கதவு ஏறும்போதே கயல் கொண்டையை அவிழ்த்துக் குனிந்துவிடுவாள். அம்மா நாகரத்தினம் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்ப்பாள். "எளவு ஊட்டுக்குப் போயிட்டு அப்படியே உள்ள வருவியா? நல்லா நனைஞ்சுக்க கண்ணு." அமெரிக்க ஊரான பேர்லேண்டில் இப்படி வீட்டுக்குள் நுழையும் ஆபெரா பாடகி இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகமான ஆபெராவில் நாயகி என்றால் கடைசிக் காட்சியில் கத்தியாலோ காசநோயாலோ போய்ச் சேர வேண்டும். பல வருடம் கோரஸில் நின்ற கயலுக்கு நாயகி வேடம் கிடைத்ததே அவள் அத்தனை அழகாகச் சாவதால்தான். காதலனாக வருபவன் அவள் மூக்கருகே விரல் வைப்பான். அதுதான் மூச்சை நிறுத்தக் குறிப்பு. அவன் நின்று நிதானமாகப் பாடி அழுது முடிக்கும்வரை அவள் நெஞ்சு அசையாது. சிக்னலில் கார் நிற்கும்போதுகூட இதைப் பழகிப் பழகி, இப்போது பல் டாக்டர் கையைக் கொண்டுவந்தாலே மூச்சு தானாக நின்றுவிடுகிறது. இதைச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அந்த ஊர் மீனாட்சி கோவிலில் யாராவது விசாரித்தால், "பாட்டு டீச்சரா இருக்கா" என்று நாகரத்தினம் பேச்சை முடித்துக்கொள்வாள். அம்மா ஒரே ஒரு முறை வந்து பார்த்துவிட வேண்டுமென்று கயலுக்குத் தீராத ஆசை. "எனக்காக வாயேன்மா, ப்ளீஸ், ஒரே ஒரு ஷோ." போன ஞாயிறு மதிய ஆட்டத்துக்கு, பக்கத்து வீட்டு ராஜலக்ஷ்மி ஆன்ட்டி துணையோடு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அம்மா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

கயல் செத்தாள். பிறகு எழுந்து கைதட்டலுக்குக் குனிந்தபோது இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன.

வீட்டுக்கு வந்தால் கராஜில் வாளி கவிழ்ந்து கிடந்தது. ஹாலில் வெயில் இன்னும் இறங்கவில்லை. அம்மா ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். அவளே முழுகியிருந்தாள்.

"என்னம்மா இது?"

"அவன் மூக்குல விரல் வெச்சுப் பாத்தான். மூச்சில்லைன்னுதானே அழுதான்?"

"மா, அது ஜஸ்ட் ஆக்டிங்மா!"

"பெத்தவளுக்குத் தெரியாதா கண்ணு? நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். நெசமாவே இல்ல."

சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். விரலை மகளின் மூக்கருகே வைத்தாள்.

விடு, மூச்சை விடு என்று கயல் தனக்குள்ளேயே கத்தினாள். நெஞ்சு அசையவில்லை. நாகரத்தினம் விரலை எடுக்காமல் காத்திருந்தாள்.