மாரிகுப்பத்தில் ஒரு சுண்ணாம்புப் பட்டை

மாரிகுப்பம் ஸ்டேஷனை அடுத்து ஒரு தானிய வியாபாரியின் பழைய மாளிகை. அடியில் ஓடும் தங்கச் சுரங்கத்தின் வெடியில் சுவர் பிளந்ததும், தேக்குக் கதவைக் கழற்றிக்கொண்டு குடும்பமே வேலூர் போய்விட்டதாம். இப்போது அவர் மகள் திரும்பி வந்து, கொத்தனாரோடு கூடவே நின்று வீட்டைச் செப்பனிடுகிறார். பழைய விரிசலின் குறுக்கே கொத்தனார் சுண்ணாம்புப் பட்டை பூசியிருக்கிறார்.

"இது எதற்கு?" என்கிறேன்.

"ஷிப்டு மாறக்கொள்ள கீழ வெடி வெப்பாங்க சாமி. பட்டை ஒடைஞ்சா செவுரு இன்னும் நகருதுன்னு அர்த்தம். ரெண்டு தபா ஒடைஞ்சிடுச்சி."

காலடியில் பூமி உறுமுகிறது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டையையே பார்க்கிறோம். ஒரு கீறல்கூட இல்லை.

"செவுரு நின்னுடுச்சி. கதவை அனுப்பச் சொல்லி வேலூருக்கு எழுதிப் போட்டுடுங்கம்மா," என்கிறார் கொத்தனார்.

அந்த அம்மாள் ஸ்டேஷன் பக்கம் கைகாட்டுகிறார். நான் வந்த ரயிலிலேயே கதவும் வந்து இறங்கியிருக்கிறது.