முதலாளி கை கொடுத்த மேடை

அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டு இயந்திரம் ஓட்டியவள் அவள். கத்தியின் மேலிருந்த பாதுகாப்பு மூடி வேலையைத் தாமதப்படுத்துகிறது என்று முதலாளி கழற்றச் சொன்னார். கழற்றினார்கள். வேலை வேகம் பிடித்தது. அவளுடைய வலது கை மணிக்கட்டோடு போனது. அவளுக்குக் கவனம் போதாது என்று விசாரணை முடிந்தது. விசாரித்தவர் முதலாளியின் மைத்துனர்.

பெரிய மருத்துவமனை ஒன்று அவளைப் புதிய சிகிச்சைக்குத் தேர்ந்தெடுத்தது. முன்கை எலும்புக்குள் உலோகத் தண்டைப் பதித்து, நரம்பையும் தசையையும் கம்பிகளோடு இணைத்து, நுனியில் செயற்கைக் கையைப் பொருத்தினார்கள். நினைத்தால் விரல் மடங்கியது. தொட்டால் தொட்டது தெரிந்தது. முதன்முதலாக ஈரத்துணியைப் பிழிந்த அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடிப்பதற்குள் சொந்தபந்தம் வந்துவிட்டது. கை போனபோது எட்டிப் பார்க்காத அத்தை, மூடி இறுகிய பாட்டில்களைத் திறந்து வாங்க வந்து இறங்கினாள். இத்தனை நாளும் முனகிக்கொண்டே பாத்திரம் துலக்கிய கணவன், இனி உனக்குச் சிரமமில்லை என்று அந்த வேலையைப் பெருந்தன்மையோடு அவளிடம் ஒப்படைத்தான்.

மருத்துவமனை விழா வைத்தது. சிறப்பு விருந்தினராக மேடையேறிய முதலாளி, தொழிலாளிகளெல்லாம் தம் பிள்ளைகள் என்று உருகினார். கீழே அவளுடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். அதே இயந்திரத்தில், இன்னமும் மூடியில்லாமல், இப்போது வேலை பார்ப்பவள்.

படமெடுக்க முதலாளி கையை நீட்டினார். பிடித்தாள். படம் எடுத்தாயிற்று. அவர் இழுத்தார்; வரவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி இழுத்தார். டாக்டர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"சிக்கிக்கிச்சாம்மா?"

"சிக்கலை டாக்டர். நான்தான் பிடிச்சிருக்கேன்."

நசுக்கவில்லை. முட்டையை எடுக்கும் பக்குவத்தில்தான் பிடித்திருந்தாள். அவர் விரல்கள் நழுவப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

"கத்திக்கு மூடி எப்போ மாட்டுவீங்க ஐயா?"

முன்வரிசையில் யாரோ, என்ன மூடி என்று கேட்டார். தங்கை எழுந்து, ஒளிக்காமல் மறைக்காமல் சபைக்கு விளக்கினாள். முதலாளி முணுமுணுத்தார், நாளைக்கே மாட்டிவிடுவதாக.

"மைக்குல சொல்லுங்க ஐயா."

சொன்னார். விட்டாள்.

மறுநாளே மூடி ஏறியது. பிறகு எந்த விழாவுக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. மருத்துவமனை வேறொரு ஆளைத் தேடிப் பிடித்துவிட்டது. அவருக்குப் பொருத்தியது கால். காலால் யாரையும் பிடித்து நிறுத்த முடியாது என்று நம்பினார்கள் போலும்.