பீப்பாய்க்குள் தாம்பரம்

தாம்பரம் மார்க்கெட்டில் கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். உள்ளூர்க்காரனான நானோ பூக்கடை முன் நிற்பவனைப்போல மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். "இன்னா சார், எவ்ளோ நேரமா மோந்துகினே கீற? வாங்கப் போறியா, இல்ல நெத்திலிய பொண்ணு பாக்க வந்தியா?" என்றார் கடைக்கார அம்மா. கூட வந்திருந்த என் அக்கா, சேலையூரில் பள்ளிக்கூட டீச்சர், தலையில் அடித்துக்கொண்டு கால் கிலோ வாங்கினாள். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. ஐம்பது வயதில், பிறந்த ஊரில், கருவாடு நாறவில்லையே என்று கண் கலங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் பிழைப்பது மூக்கால். வட இத்தாலியில் ஒரு மலைச்சரிவில் என் மனைவி லூச்சியாவின் குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் இருக்கின்றன. கொடிகளை நட்டது அவளுடைய தாத்தா. காத்து வருபவர் அவள் அப்பா பியேத்ரோ. தயிர் புளித்ததைத் தவிர வேறெதையும் அறியாமல் காட்டாங்குளத்தூர்க் கல்லூரியிலிருந்து மேல்படிப்புக்குப் போன நான், அந்த வீட்டு மருமகனானேன். அங்கே அப்பாவைப் 'பாப்பா' என்பார்கள். அப்போதே அறுபது வயதானவரைச் சிரிக்காமல் பாப்பா என்று கூப்பிடவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. ஒரே தோட்டத்துப் பழமானாலும் பீப்பாய்க்குப் பீப்பாய் ஒயின் மாறும். எதை எதோடு கலப்பது என்று குடும்பத்தில் ஒருவர் முகர்ந்து சொல்வார், மறுபேச்சு கிடையாது. நிலவறைச் சாவியும் அவரிடம்தான் இருக்கும். இந்த வருஷம் அந்தச் சாவி எனக்கு என்று பியேத்ரோ சொல்லியிருந்தார். பிப்ரவரியில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் வாசனைகளையெல்லாம் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

மூக்குக்கு அவர்கள் மொழியில் 'நாசோ'. முதல் முறை நிலவறையில் பியேத்ரோ கோப்பையை நீட்டி "நாசோ, நாசோ" என்றபோது, பெண்ணைக் கட்டிக்கொண்டவனை நாசமாய்ப் போ என்கிறார் என்றே நினைத்தேன். லூச்சியா தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். முகர்ந்தேன். அவர்கள் சொன்ன அத்திப்பழமும் காட்டுக்காளானும் எனக்குப் பிடிபடவில்லை. கோடை மழையின் முதல் தூறல் விழுந்த ரயில் பிளாட்பாரம்தான் வந்தது: சூடான இரும்பு, நனைந்த புழுதி, யாரோ உரித்த ஆரஞ்சு. அதைச் சொல்ல என்னிடம் இத்தாலிய மொழி இல்லை. "தாம்பரம்" என்றேன். ஏதோ இந்திய மசாலாச் சரக்கு என்று அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் திருத்த வெட்கமாகிவிட்டது. ஊர்ப் பெயர் கேட்டால் சென்னை என்றே சொல்லிவந்தேன். இருபது வருஷமாக அந்த வீட்டில் "ஏழாம் பீப்பாயில் தாம்பரம் தூக்கல்" என்று பேசிக்கொள்கிறார்கள்.

காய்ச்சலுக்குப் பிறகு மூன்று மாதம் ஏமாற்றினேன். பியேத்ரோ புருவத்தைத் தூக்கினால் நானும் தூக்கினேன். ஒருமுறை வினிகராகிப் போன ஒயினை முகர்ந்துவிட்டு "அற்புதம்" என்றேன். ஜோக் என்று நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டர், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். கலவை நாள் நெருங்க, கல்லுக்குண்டாக இருக்கும் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று புளுகிவிட்டு விமானம் ஏறினேன். பிறந்த ஊர் மூக்கைத் திறந்துவிடும் என்பது நானே கண்டுபிடித்த வைத்தியம்.

அக்கா பெருங்காயம், காப்பித்தூள் என்று டப்பா டப்பாவாக நீட்டினாள்.

"டேய், பாச்சா உருண்டை கூடவா தெரியல?"

"உருண்டையா இருக்குன்னு தெரியுதுக்கா."

"ஜோக்கடிக்காத. லூச்சியாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. நீ எனக்காக ஜெபம் பண்ணேன்."

"பண்ணாமலா? அந்த ஒயின் வேலைய நீ விடணும்னு இருபது வருஷமா பண்ணிட்டுதான்..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். டப்பாவை மூடினாள். அன்று முழுக்க என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

நான்காம் நாள் மாலை மழை வந்தது. வாசலுக்கு ஓடிய அக்கா ஆசையாக மூச்சை இழுத்தாள். என்னைப் பார்த்ததும், திருடியதைத் திருப்பி வைப்பவள்போல மெதுவாக விட்டாள். அப்போதுதான் பியேத்ரோ வீடியோவில் அழைத்தார். நிலவறையில் நின்றிருந்தார். "வெள்ளிக்கிழமை பாட்டிலில் அடைக்க வேண்டும். ஏழா, ஒன்பதா, சொல்." தொண்டை வரை நாலைந்து ஜோக்குகள் வந்தன. "பாப்பா, நாசோ போய்விட்டது. பிப்ரவரியிலிருந்தே இல்லை" என்றேன்.

அவர் போனை முகத்தருகே கொண்டுவந்தார். "அப்போது அந்த வினிகர்?"

"அது ஜோக் இல்லை."

"சாவியை மார்க்கோவுக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்" என்றார். மார்க்கோ லூச்சியாவின் தம்பி. "நீ வந்துவிடு. கொடி வெட்ட மூக்கு வேண்டாமே." அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அங்கே என்ன சத்தம் என்று கேட்டார். ஒரு பொய் போன பிறகு இன்னொன்றை எதற்கு வைத்திருப்பது? "மழை. பாப்பா, தாம்பரம் மசாலா இல்லை, ஊர். என் ஊர். அங்கேதான் நிற்கிறேன்."

அவர் ஏழாம் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்தார். கோப்பைக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடினார். அவர் என் ஊரை முகர்ந்து முடிக்கும்வரை நான் மழையில் நனைந்தபடி போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.