மொறாயஸ் கல்லறையில் ஓரிடம்

குருநகரில் கிழிந்த வலை பொத்திக் கொடுத்துச் சீவிக்கும் செபநாயகம் மொறாயஸுக்கு வயது அறுபத்து மூன்று. அந்தக் கடைசிப் பேரைத் தவிர அப்பன் பாட்டன் விட்டுப்போனது ஒன்றுமில்லை என்று தானே பகிடி சொல்வார். மனைவி ஜெசிதா செத்தபோது அந்தப் பேரை வைத்துத்தான் சேமக்காலையில் மொறாயஸ் குடும்பக் கல்லறையில் அவளை அடக்கம் செய்தார். தானும் அங்கேதான் என்பது அவர் முடிவு.

இந்த வருஷம் மரித்தோர் திருநாளுக்கு முன் கல்லறையைப் புதுப்பித்துப் பேர்கள் வெட்டுவதற்குப் பெரிய வீட்டுக் கிறிஸ்ரோபர் மொறாயஸ் ஆயத்தமானார். செபநாயகத்தின் கிளை தங்களோடு எந்த இடத்தில் சேருகிறது என்று காட்டினால் நல்லது என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

மகள் யசிந்தாவைக் கூட்டிக்கொண்டு செபநாயகம் பங்குக் கோயில் கந்தோருக்குப் போனார். பழைய ஞானஸ்நானப் புத்தகத்தில் பூட்டன் அந்தோனியின் வரியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதே வரியில் பஸ்தியான் மொறாயஸ் என்று இருந்தது. பஸ்தியான், கிறிஸ்ரோபரின் பூட்டன்.

"அப்பா, அது தகப்பன்ரை கட்டமில்லை. ஞானத்தகப்பன்ரை."

மற்றக் கட்டங்களில் அந்தோனியைப் பற்றி இருந்தது: தாய் தகப்பன் தெரியாது. வயது இருபத்தைந்து மதிக்கலாம். பஸ்தியான் வீட்டு வேலையாள். ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கு எசமான் தன் பேரையும் கொடுத்திருக்கிறார்.

யசிந்தா இரண்டு படம் எடுத்தாள். ஒன்றில் இரண்டு பேர்கள் மட்டும். மற்றதில் முழு வரி. முதலாவதை மட்டும் காட்டினால் காணும் என்றாள்.

பெரிய வீட்டில் கிறிஸ்ரோபருக்கும் அது காணுமாயிருந்தது. "அப்ப சரி அண்ணை" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். செபநாயகம்தான் வாங்கவில்லை. "மற்றதையும் பாருங்கோ" என்றார்.

கிறிஸ்ரோபர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வரியைக் கடைசிவரை வாசித்தார்.

"நாலு தலைமுறையா உங்கடை வீட்டிலை நாங்கள் பெண் கேட்டதில்லை. சகோதரச் சொந்தமெண்டு நினைச்சுத்தானே," என்றார் செபநாயகம்.

"கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டினம், அண்ணை."

அதை மெதுவாகத்தான் சொன்னார். ஜெசிதா அக்கா அங்கேயே கிடக்கட்டும், கிளறுறது பாவம், பேர் மட்டும் வெட்டேலாது என்றார்.

"அப்ப எனக்கு இடம்?"

கிறிஸ்ரோபர் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளி வைத்தார். ஆறப்போகுது, குடியுங்கோ என்றார்.

திரும்பி வரும் வழி நெடுக யசிந்தா பேசிக்கொண்டு வந்தாள். அந்தாள் சரியென்ற பிறகு வாயைத் திறக்காட்டி என்ன குறைஞ்சு போகும் என்று கேட்டாள்.

"வருஷா வருஷம் அந்தாள் அங்கை மெழுகுதிரி கொளுத்த வரும், பிள்ளை. கொம்மாவின்ரை தலைமாட்டிலை நிண்டு நான் எந்த முகத்தோடை பாக்கிறது?"

அவள் அப்பாவை விட்டு முன்னுக்கு நடந்தாள். கோபம் ஆறவில்லை.

அடுத்த கிழமை செபநாயகம் தனியாகக் கந்தோருக்குப் போய், சேமக்காலையில் கடற்பக்க மதிலோரம் இடம் இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறது, பேரைச் சொல்லுங்கோ என்றார் எழுதுகிறவர். செபநாயகம் மொறாயஸ் என்றே சொன்னார். அவருக்கு வேறு பேர் இல்லை.

"ஒராளுக்கோ, ரெண்டு பேருக்கோ?"

ஜெசிதாவைக் கிளப்பிக்கொண்டு வருவதா, அவளை அந்த ஆட்களோடு விட்டுவிட்டுத் தான் மட்டும் இங்கே வருவதா என்று அவர் இன்னும் முடிவெடுத்திருக்கவில்லை. எழுதுகிறவர் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"இப்போதைக்கு ஒண்டெண்டு போடுங்கோ," என்றார் செபநாயகம்.