ஒன்றரை அங்குலம்

தொளதொளவென்று எதையாவது பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பேருந்தில் முன் இருக்கைக்காரரின் காலர் புரண்டிருந்தால்கூட விரல் துறுதுறுக்கும். கடைத்தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. புதுத்துணி தைப்பது குறைவு. பிரிப்பது, பிடிப்பது, மடித்துத் தைப்பது, இப்படி யாரோ வாங்கி வந்த உடுப்பை அவரவர் உடம்புக்குப் பொருத்தித் தருவதுதான் பிழைப்பு. இருபத்தாறு வருடமாக வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஊரார் இடுப்பைச் சுற்றி மண்டியிட்டவள்.

மண்டியிடும்போதெல்லாம் ஆளுயரக் கண்ணாடியில் அவளுடைய வயிறும் கூடவே தெரியும். மகளைப் பெற்றபோது தொங்க ஆரம்பித்தது. பாடுபட்டு இருபது கிலோ இளைத்தாள். தோல் மட்டும் இளைக்காமல் இன்னும் கீழே இறங்கியது. வெயில் காலத்தில் மடிப்புக்குள் வியர்வை தங்கிப் புண்ணாகும். ஒருநாள் வாடிக்கைக்காரி ஒருத்தி கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கும் அப்படியே ரெண்டு இஞ்ச் பிடிச்சு விட்டுரலாம்" என்றாள். தையலக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஐம்பத்திரண்டாவது வயதில், தொங்கும் சதையை வெட்டியெடுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கினாள். மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தாள்.

"இப்பவே பண்ணணுமாம்மா? குழந்தை பொறந்தப்புறம் வச்சுக்கக் கூடாதா?"

"ஆறு வாரம் கனமா எதையும் தூக்கக் கூடாதாம். உனக்கு இன்னும் பதினோரு வாரம் இருக்கு. அஞ்சு வாரம் கையில மிச்சம்டி."

"ஏதாவது கூடக்குறைய ஆயிட்டா?"

"வாயைக் கழுவு. உன் பிள்ளையை முதல் நாள் குளிப்பாட்டப்போறது நான்தான். படம் பிடிக்கும்போது வயித்தை மறைக்க அதை முன்னால பிடிச்சுக்க வேண்டியதில்லைல்ல, அதுக்குத்தான் இந்தப் பாடு."

மகள் சிரித்துவிட்டாள். "சரி, உன்னை நம்பி நான் வேற யாரையும் கேக்கல. பாத்துக்கோ."

அறுவை சிகிச்சை குறையில்லாமல் முடிந்தது. ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்புவரை ஒரே தையல். உள்ளே விலகிக் கிடந்த தசையையும் இழுத்துச் சேர்த்திருந்தார்கள். கசியும் நீர் வெளியேற இரண்டு பக்கமும் குழாய், குழாயின் நுனியில் எலுமிச்சம்பழம் போல ஒரு குமிழ். நிமிர்ந்து நடந்தால் தையல் இழுக்கும் என்பதால் கூனிக்கொண்டே நடந்தாள். பேருந்து ஓட்டுநரான கணவர் வேலைக்குக் கிளம்பும்போது, "என்னத்தைக் கீழ தொலைச்சே? சொன்னா நானும் தேடுவேன்ல" என்பார். சிரித்தால் உயிர் போகும். "சிரிக்க வைக்காதீங்க, புண்ணியமாப் போகும்" என்று வயிற்றைத் தலையணையால் அழுத்திக்கொள்வாள். படுக்கை ஒத்துவரவில்லை, சாய்வு நாற்காலியில், முழங்காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்துத்தான் தூக்கம்.

வயிற்றைச் சுற்றி ஆஸ்பத்திரியில் கொடுத்த இறுக்குப் பட்டை. இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். ஒன்பதாம் நாள், இரண்டாவது குழாயையும் எடுத்த பிறகு, பட்டை லேசாகத் தளர்ந்தது. உட்காரும்போது மேல்விளிம்பு சுருண்டது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் அளவு பார்த்துக் கொடுப்பவள், தன் வயிற்றில் இப்படி ஒரு தொளதொளப்பைச் சுமப்பதா? இறுக்கமாக இருந்தால் வீக்கம் சீக்கிரம் வடியும், சீக்கிரம் ஆறும், மகளிடம் சொன்ன கணக்கில் இன்னும் ஒரு வாரம் மிஞ்சும் என்று மனம் கணக்குப் போட்டது. கணவர் பேருந்தை எடுக்கப் போன பிறகு, வீட்டுத் தையல் இயந்திரத்தின் முன் கூனி நின்றபடியே பட்டையின் இரு பக்கத் தையலையும் பிரித்தாள். மொத்தம் ஒன்றரை அங்குலம் பிடித்தாள். பிசிறு தெரியாமல் இரட்டைத் தையல் போட்டாள். மாட்டியபோது கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த ஒன்பது நாளில் அன்றுதான் அவளுக்கு மனசு நிறைந்தது.

மாலையில் கணவர் பார்த்துவிட்டு, "மூச்சு முட்டலையா உனக்கு?" என்றார்.

"இப்பத்தாங்க நிம்மதியா இருக்கு."

அது பொய்யுமில்லை. அறுவைக்குப் பிறகு கொப்பூழுக்குக் கீழே தோல் மரத்துக் கிடந்தது. கிள்ளினாலும் தெரியாத இடத்தில் இறுக்கம் எப்படித் தெரியும்?

பதினோராம் நாள், புண் கட்டும் நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். "பட்டைக்குள்ள ரெண்டு விரல் தாராளமா நுழையுதாம்மா?"

தையலக்கா ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். நகம்வரைதான் போயிற்று.

"போகுது, போகுது" என்றாள்.

பின்னாளில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து மனம் வெந்தது அந்த ஒரு பேச்சுக்காகத்தான். தைத்ததாவது தெரியாமல் செய்தது. இது அப்படியில்லை. கேட்டவள் கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள், விரலும் உண்மையைத்தான் சொன்னது, வாய்தான் புரட்டிவிட்டது. என் வேலையில் எனக்கே பாடமா என்கிற வீம்பு, வேறென்ன.

பதினான்காம் நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பட்டையைக் கழற்றினாள். தையலின் நடுவே, உள்ளங்கையளவுத் தோல் கருத்திருந்தது. பிறகு பட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, எங்க ஆஸ்பத்திரியில இவ்வளவு நேர்த்தியா யாரும் தைக்க மாட்டாங்க. இது யார் வேலை?"

தையலக்காவின் முகம் செத்துப்போயிற்று. "கொஞ்சம் தளர்வா இருந்துச்சு…"

"தளர்வா இருந்தா எங்களைக் கூப்பிடணும். தோலுக்கு ரத்தம் போக வேண்டாமா? துணின்னு நினைச்சீங்களா?"

இறந்த தோலை வெட்டி எடுத்தார்கள். குழி அடியிலிருந்து தானாகத் தூர்ந்து வரவேண்டும் என்று திறந்தே விட்டார்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டு. பழைய கட்டை ஈரம் நனைத்துப் பிரிக்கும்போது அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். கடையில் பிரிக்காமல் கிடந்த உடுப்புகளை ஒவ்வொருவராக வந்து திருப்பி வாங்கிப்போனார்கள். மூன்று கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, எப்போதுவரை என்று இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

மகளிடம், "புண்ணு ஆறக் கொஞ்சம் சுணங்குது" என்று மட்டும் சொல்லிவைத்தாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வாரமும். ஆறிவிடும், ஆறிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வாரம், வலி வந்துவிட்டதென்று மாப்பிள்ளை கூப்பிட்டபோது குழியில் பாதிதான் தூர்ந்திருந்தது.

பெண் குழந்தை. மூன்று கிலோ நானூறு கிராம்.

கணவரோடு ரயிலேறி மகள் வீட்டுக்குப் போனாள். அங்கே சம்பந்தியம்மாள் முழங்கால் வலியோடு, சொல்லிக்கொள்ள நேரமில்லாமல் ஓடி வந்து இறங்கியிருந்தாள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, அழுதால் தோளில் போட்டு நடப்பது எல்லாம் அவள்தான். ஒவ்வொரு முறை எழும்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல். தையலக்கா கட்டிலுக்கருகே நாற்காலியில் உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்த துணிகளை மறுபடி மடித்தாள்.

வந்த இரண்டாம் நாள் பிற்பகல் குழந்தை வீறிட்டது. அரைத் தூக்கத்தில் மகள், "அம்மா, தூக்கும்மா" என்றாள். தையலக்கா கையை நீட்டிவிட்டாள். அதற்குள் மகள் கண்ணைத் திறந்து, "ஐயோ, நீ இல்ல. அத்தை, கொஞ்சம் வர்றீங்களா?" என்றாள்.

சம்பந்தியம்மாள் பால் புட்டியைக் கழுவப் போனதும், தையலக்காவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"சுணங்கினது புண்ணு இல்லடி. நான்தான் பட்டையைப் பிடிச்சுத் தைச்சேன். ஒன்றரை இஞ்ச். நர்ஸ் கேட்டதுக்கும் பொய் சொன்னேன்."

மகள் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு ஆளையாவது பாத்து வச்சிருப்பேன்ல? அத்தை பாவம், காலை எப்படி இழுத்துட்டு நடக்கிறாங்க பாரு. வாரா வாரம் கேட்டேனேம்மா."

தையலக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "தப்புதான்" என்றாள்.

சம்பந்தியம்மாள் திரும்பி வந்தவள், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தையலக்காவின் தொடைமேல் தலையணையைப் போட்டாள். தலையணைமேல் குழந்தையைக் கிடத்தினாள். "தூக்கத்தானே கூடாது? வச்சுக்கலாம்ல? நான் கொஞ்சம் காலை நீட்டுறேன்" என்று பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்தாள்.

குழந்தை தூங்கிப்போயிற்று. கால்மணி நேரத்தில் அவளுடைய இடது கால் மரத்தது. கொஞ்சம் தூக்கி மறுபக்கம் மாற்றினால் போதும். அதற்குக்கூட இன்னொருத்தியை எழுப்ப வேண்டும். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்து அறையிலிருந்து சம்பந்தியம்மாளின் குறட்டை கேட்டது. தையலக்கா யாரையும் கூப்பிடவில்லை.